மதுரைப் பாதம்: ஒரு நோயின் வரலாறும் நம் பிள்ளைகளின் கல்வியும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

எல்லாப் புகழும் ஏக இறைவனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த தந்தை ஒருவர் நம்மிடம் வந்து தயங்கியவாறு ஒரு கேள்வி கேட்டார். "ஹஜ்ரத், மகள் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடிச்சிருக்கா. மேல்படிப்புக்குப் போகணுங்கிறா. அதோட, மனுசன் உடம்போட உறுப்புகளைப் படமா வரையிறதுக்குன்னே ஒரு படிப்பு இருக்காம், அதுலயும் ஆசைப்படுறா. நோட்டு நோட்டா எலும்பும் நரம்புமா வரைஞ்சு வச்சிருக்கா. உருவம் வரையிறது மார்க்கத்துல கூடாதுன்னு வீட்டுல பெரியவங்க சொல்றாங்க. நான் என்ன செய்யட்டும்?" என்பதே அக்கேள்வி.

நின்ற நிலையில் சொல்லி அனுப்பிவிடக்கூடிய பதிலாக நமக்கு அது தோன்றவில்லை. அவகாசம் கேட்டுக்கொண்டோம். பிக்ஹு நூல்களை மட்டுமின்றி, மருத்துவ வரலாற்றையும் சிறிது புரட்டிப் பார்த்தோம். அவ்வாறு பார்க்கையில், அக்கேள்விக்கான பதிலின் ஒரு பகுதி நாம் வாழும் இந்த வறண்ட பூமியிலேயே கிடப்பதைக் கண்டு வியப்படைந்தோம். அதனையே இந்த ஆண்டு மலரில் ஜமாஅத்தார் அனைவரின் பார்வைக்கும் வைக்கின்றோம்.

முள் தைத்த பாதம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் நிலத்தை நாம் யாருக்கும் விவரிக்க வேண்டியதில்லை. கரிசலும் செவலும் கலந்த மானாவாரிக் காடு. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் மிளகாயும் தரும். பொய்த்தால் முள்ளை மட்டுமே தரும். சீமைக் கருவேல் பரவுவதற்கு முன்பே இங்கு உடை மரமும் நாட்டுக் கருவேலும் உண்டு. நம் பாட்டன்மார் காடு கரைகளில் செருப்பின்றியே நடந்தார்கள். முள் தைப்பது அன்றாட நிகழ்ச்சி. அதனாலன்றோ அக்காலத்தில் பெரியவர்கள் அரைஞாணில் முள்வாங்கியைக் கோத்து வைத்திருந்தனர்! முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். அத்தோடு அதை மறந்தும் விடுவார்கள்.

ஆனால் சிலருடைய பாதம் அந்த முள்ளை மறப்பதில்லை. முள் போன வழியே மண்ணிலுள்ள ஒரு நுண்கிருமி உள்ளே புகுந்துவிடும். மாதக்கணக்கில், சிலபோது ஆண்டுக்கணக்கில், வலியே இல்லாமல் ஒரு கட்டி வளரும். வலி இல்லாததால் வைத்தியம் பார்க்கமாட்டார்கள். பிறகு பாதம் வீங்கி, ஆங்காங்கே துளைகள் விழுந்து, அத்துளைகளின் வழியே சீழோடு சிறு சிறு மணிகள் வெளிவரும். கருப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு எனக் கிருமிக்கு ஏற்ப அம்மணிகளின் நிறம் மாறும். கடைசியில் எலும்பையும் அரித்து, காலையே வெட்டி எடுக்கும் நிலைக்குக் கொண்டுவந்து விடும். வடமொழி மருத்துவத்தில் இதனைப் 'பாத வல்மீகம்', அதாவது புற்றுப்போன்ற பாதம், என்றனர். கறையான் புற்றைப் பார்த்தவர்களுக்கு அப்பெயரின் பொருத்தம் புரியும்.

இந்நோயைப் புதுமுறை மருத்துவ ஏட்டில் முதன்முதலாகப் பதிந்தவர் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய கில் என்னும் ஆங்கிலேய மருத்துவர். ஆண்டு 1842. அடுத்த சில ஆண்டுகளில் அது 'மதுரைப் பாதம்' என்றே மருத்துவ உலகில் பெயர் பெற்றுவிட்டது. அன்றைய மதுரை ஜில்லா என்பது இன்றைய மதுரை மாவட்டம் மட்டும் அன்று. 1910-இல் இராமநாதபுரம் ஜில்லா தனியாகப் பிரிக்கப்படும் வரை அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் மதுரை ஜில்லாவிலேயே இருந்தன. ஆகவே அந்தப் பாதம் நம் முன்னோர்களின் பாதமும் ஆகும்.

பின்னர் நுண்ணோக்கியில் கண்டறியப்பட்ட கிருமிகளுக்கும் நம் மண்ணின் பெயரே ஒட்டிக்கொண்டது. கருப்பு மணியை உண்டாக்கும் பூஞ்சைக்கு 'மதுரெல்லா' என்று பெயர். வேறொரு கிருமிக்கு 'ஆக்டினோமதுரா மதுரே' என்று பெயர்; அதிலே மதுரை இருமுறை வருகிறது. உலகின் எந்த மருத்துவக் கல்லூரியில் படிக்கும் மாணவனும் இப்பெயர்களை மனனம் செய்கின்றான். சிந்தித்துப் பாருங்கள்! நமது சீமை மருத்துவ உலகிற்குத் தந்தது ஒரு நோயின் பெயரை. அந்நோயை உற்றுப் பார்த்தவரும், வரைந்தவரும், விளக்கியவரும் எங்கிருந்தோ வந்தவர்கள்.

வரைந்து காட்டிய மருத்துவர்

அவ்வாறு வந்தவர்களில் ஒருவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். இவர் 1831-இல் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், ஓர் ஓவியரின் மகனாகப் பிறந்தார். தந்தையிடமிருந்து கை ஓட்டத்தைப் பெற்றார். இலண்டன் செயிண்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் கற்றார். அங்கே அறுவை மருத்துவரான ஹென்றி கிரே என்பவர், மாணவர்களுக்கு உதவும் உடற்கூற்று நூல் ஒன்றை எழுத எண்ணி, கார்ட்டரைத் துணைக்கு அழைத்தார். 1856, 1857 ஆகிய ஆண்டுகளில் இருவரும் சேர்ந்து உடல்களை அறுத்துப் பார்த்தனர். கிரே எழுதினார், கார்ட்டர் வரைந்தார். 1858-இல் வெளிவந்த அந்நூலில் 363 படங்கள் இடம்பெற்றன. 'கிரேயின் உடற்கூற்றியல்' என்று இன்றளவும் புதுப்பிக்கப்பட்டு வரும் நூல் அதுவே.

அப்படங்களின் சிறப்பு யாது? அதற்கு முந்தைய நூல்கள் பலவற்றில், ஓர் எலும்பின் மேல் எண்ணோ எழுத்தோ இடப்பட்டிருக்கும். அதன் பெயரை வேறிடத்தில் தேடிப் படிக்க வேண்டும். கார்ட்டரோ நரம்பின் மீதே நரம்பின் பெயரையும், எலும்பின் மீதே எலும்பின் பெயரையும் எழுதினார். படமும் பெயரும் ஒரே பார்வையில் மாணவனின் மனத்தில் பதிந்தன. அழகுக்காக ஒரு கோடும் சேர்க்கவில்லை. மரக்கட்டையில் செதுக்கி அச்சிடும் காலம் அது. ஆதலால் படம், எழுத்து இரண்டையும் இடவலம் மாற்றித் தலைகீழாக வரைய வேண்டும். அதனையும் பொறுமையோடு செய்து முடித்தார்.

இவ்வளவு உழைத்தவருக்குக் கிடைத்த ஊதியம் ஒருமுறை தரப்பட்ட 150 பவுன் மட்டுமே. நூல் விற்க விற்க வரும் பங்கு கிரேயைச் சேர்ந்தது. முகப்புப் பக்கத்தில் கார்ட்டரின் பெயர் கிரேயின் பெயரைவிடச் சிறிய எழுத்திலேயே அச்சிடப்பட்டது. அந்தப் படங்களுக்காகத் திறந்து காட்டப்பட்ட உடல்களுக்கு அந்தப் பெயரளவு இடம்கூட இல்லை. அவை உரிமை கோர யாருமின்றி இறந்துபோன ஏழைகளின் உடல்கள். மையித்தின் கண்ணியத்தை வாழ்பவனின் கண்ணியத்தைப் போல் பேணக் கற்பிக்கப்பட்ட நாம், கல்வியின் இந்த விலையை நினைவில் கொள்ள வேண்டும்.

நூல் வெளிவந்த அதே 1858-இல் கார்ட்டர் இந்தியாவுக்குப் பணியேற்று வந்தார். பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். அங்கேதான் அவர் கண்முன்னே 'மதுரைப் பாதம்' வந்தது. ஏனெனில் நம் சீமையில் பெயர் பெற்ற அந்நோய், செருப்பின்றி உழும் மற்ற வறண்ட நாடுகளிலும் இருந்தது. அவர் அதனை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்; பார்த்ததை வரைந்தார். சீழில் வரும் மணிகள் உடம்பின் சொந்தக் கழிவுகள் அல்ல, வெளியிலிருந்து புகுந்து வளரும் பூஞ்சை என்று 1860-61 ஆண்டுகளிலேயே எழுதினார். அந்நோய்க்கு 'மைசிட்டோமா' என்று பெயரிட்டு, 1874-இல் தாம் வரைந்த படங்களோடு தனி நூலே வெளியிட்டார். பூஞ்சை மட்டுமன்றி ஒருவகை பாக்டீரியாவும் அதே நோயை உண்டாக்கும் என்பது பின்னர் தெளிவாயிற்று. பாக்டீரியாவால் வருவது பெரும்பாலும் மருந்துகளுக்குக் கட்டுப்படும். பூஞ்சையால் வருவதற்கு நெடுங்கால மருந்தும் அறுவையும் தேவைப்படும். எனவே மணியின் நிறத்தைக் கவனித்து எழுதுவது வெறும் குறிப்பெடுக்கும் வேலை அன்று. ஒருவரின் கால் நிலைக்குமா என்பதோடு தொடர்புடையது.

கார்ட்டர் கண்டதற்கும் நம் பாட்டன்மார் கண்டதற்கும் என்ன வேறுபாடு? இருவரும் ஒரே பாதத்தைத்தான் கண்டனர். ஒருவர் கண்டு வருந்தினார். மற்றவர் கண்டு, வரைந்து, பிறர் அறியச் செய்தார். கை வரையும்போது கண் ஏமாற்ற முடியாது. எந்த இடத்தில் துளை, எவ்வளவு ஆழம், எலும்பைத் தொட்டதா இல்லையா என்பனவற்றையெல்லாம் தெரிந்தால்தான் கோடு போட முடியும். மருத்துவ ஓவியம் என்பது அறிவின் ஒரு வடிவம் என்று நாம் கூறுவது இதனால்தான்.

அந்த அறிவு தமிழுக்கும் வந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், கிரே முதலானோரின் நூல்களைத் தழுவி 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் தமிழ் நூலை 1872-இல் வெளியிடச் செய்தார். நம் மொழியில் உடற்கூறு படிக்க முடியாது என்று கருதுவோர் இந்த ஆண்டை நினைவில் வைத்தல் நலம்.

நம் முன்னோர் வரைந்தவை

இனி, 'உடலை வரைதல் நமக்கு அந்நியமானதா?' என்ற வினாவுக்கு வருவோம். இங்கு வரலாறு மிகத் தெளிவாகவே பேசுகின்றது.

ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரையடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்து, கி.பி. 1013-ஆம் ஆண்டளவில் மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்) அவர்கள், 'அத்தஸ்ரீஃப்' என்னும் 30 பாகங்கள் கொண்ட மருத்துவ நூலை எழுதினார்கள். அதன் கடைசிப் பாகம் அறுவை மருத்துவத்திற்கு உரியது. அதில் கத்தி, இடுக்கி, ஊசி, கொக்கி எனச் சுமார் 200 கருவிகளின் படங்கள் உள்ளன. நம்மூர் முள்வாங்கியின் உறவினர்கள் போன்ற இடுக்கிகளை அவற்றிலே காணலாம். கருவியை வடிவமைத்தவரே அதன் படத்தையும் தந்து, எவ்வாறு பிடிக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். கருவியும் ஓவியமும் ஒரே அறிவின் இரு கைகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் கற்கும் நூலாயிற்று.

எகிப்தில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம் (ரஹ்) அவர்களின் ஒளியியல் நூலுக்கு, 1083-இல் அவர்களின் மருமகன் எழுதிய பிரதி ஒன்று இஸ்தான்பூலில் பாதுகாக்கப்பட்டுள்ளது. இரு கண்களும் அவற்றிலிருந்து செல்லும் நரம்புகளும் மூளையைச் சேரும் விதம் அதில் வரையப்பட்டுள்ளது. பாரசீகத்தின் ஷீராஸ் நகரைச் சேர்ந்த மன்ஸூர் இப்னு இல்யாஸ் என்பார், பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில், எலும்பு, நரம்பு, தசை, இரத்த நாளங்கள் எனத் தனித்தனியே மனித உடலின் முழுப் படங்களைக் கொண்ட நூலை இயற்றினார். துருக்கியின் அமாஸ்யா நகரில் ஷரஃபுத்தீன் ஸாபூன்ஜுஓக்லு என்னும் மருத்துவர், 1465-இல் எழுதிய அறுவை மருத்துவ நூலில், மருத்துவர் எங்கு அமர வேண்டும், நோயாளியை எவ்வாறு கிடத்த வேண்டும் என்பதைக்கூட படமாகக் காட்டினார். ஐரோப்பாவின் புகழ்பெற்ற வெசாலியஸின் உடற்கூற்று நூல் வெளிவந்தது 1543-இல் என்பதை ஒப்பிட்டுக் கொள்க.

இவற்றைப் பெருமை பேசுவதற்காக நாம் சொல்லவில்லை. 'எல்லாம் எங்களிடமிருந்து சென்றதே' என்று மேடையில் முழங்கிவிட்டு, வீட்டுக்குப் போய் மகளின் நோட்டை மூடச் சொல்வதில் என்ன பயன்? முஸ்லிம் சமுதாயத்தில் வாழ்ந்த மருத்துவர்கள் இத்தகைய படங்களை வரைந்தார்கள், கற்பித்தார்கள் என்ற வரலாற்றை மட்டும் மனத்தில் இருத்துவோம்.

மார்க்கம் கூறுவது

உயிருள்ளவற்றின் உருவங்களை உண்டாக்குவதைப் பற்றிய கடுமையான எச்சரிக்கைகள் ஹதீஸ்களில் வந்துள்ளன. அதனை நாம் மறைக்கவோ குறைக்கவோ இல்லை. எனினும் தலையற்ற உருவமும், அந்நிலையில் உயிர் வாழ இயலாத அளவுக்குக் குறையுள்ள உருவமும் அத்தடையில் சேரா என்று நமது ஷாஃபிஈ, ஹனஃபீ பிக்ஹு நூல்களில் விளக்கப்பட்டுள்ளது. தனி எலும்பு, திறந்த இருதயம், அறுக்கப்பட்ட பாதம் ஆகியவற்றின் படங்கள் இவ்வகையைச் சார்ந்தவையே. முழு உருவம் தேவைப்படும் இடத்திலோ, அது வணங்கவும் அல்ல, பெருமைக்கும் அல்ல; உயிர் காக்கும் கல்விக்காக என்னும் நோக்கம் கவனிக்கப்படுகின்றது. செயல்கள் அவற்றின் நோக்கத்தைக் கொண்டே மதிப்பிடப்படும் என்பது மதரஸாவில் முதலில் கற்கும் சட்ட விதிகளுள் ஒன்றல்லவா?

இதற்கு நெருக்கமான ஒரு நிகழ்ச்சி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் காணப்படுகிறது. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்துப் போர் ஒன்றில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் மூக்கு செய்து பொருத்திக் கொண்டார்கள். அதில் துர்வாடை ஏற்பட்டது. அப்போது நபி (ஸல்) அவர்கள், தங்கத்தால் மூக்கு செய்து கொள்ளுமாறு அவர்களைப் பணித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. அத்தங்கமே ஒரு மனிதரின் சிதைந்த உறுப்பைச் சீராக்கும்போது ஆகுமாகிவிட்டது. எந்த உலோகம் உடலோடு இணங்கும், எது கெடும் என்பது இன்று உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர்கள் படிக்கும் பாடம். அதன் ஓர் உதாரணம் நம் ஹதீஸ் நூல்களில் இருப்பதை எண்ணி அல்ஹம்துலில்லாஹ் சொல்வோம்.

மருத்துவ ஓவியத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. நோயாளியைப் புகைப்படம் எடுத்தால் முகமும் மறைவிடமும் வந்துவிடலாம். தேர்ந்த ஓவியர் தேவையான உறுப்பை மட்டுமே காட்டுவார். யாருடையது என்பது தெரியாது. அவ்ரத்தைப் பேணும் சமுதாயத்திற்கு இது எவ்வளவு பொருத்தமானது! மாற்றுக் கருத்துடைய உலமாப் பெருமக்களும் உண்டு. அவர்களின் பேணுதலை மதிக்கின்றோம். நாம் அறிந்தவரை, கல்விக்கும் சிகிச்சைக்குமான இப்படங்கள் கூடும் என்பதே அத்தந்தைக்கு நமது பதில். வல்லாஹு அஃலம்.

கால் இழந்தவர் ஸஜ்தா செய்ய

மீண்டும் நம் பாதத்திற்கு வருவோம். நோயைக் கண்டறிந்தாலும் கால் போன பின் அந்த மனிதரின் நிலை என்ன? மதீனாவின் ஏழு பெரும் சட்டமேதைகளுள் ஒருவரான உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் காலில் அழுகல் நோய் கண்டு, அதனை வெட்டி எடுக்க நேர்ந்த வரலாற்றை நாம் பயான்களில் கேட்டிருக்கின்றோம். மயக்கத்திற்காக மதுவை அருந்த மறுத்து, அல்லாஹ்வை நினைத்தவாறே அவ்வேதனையைத் தாங்கினார்கள். ஸப்ருக்கு அவர்கள் நமக்கு முன்மாதிரி. ஆனால் ஸப்ரு செய்வது நோயாளியின் கடமை. அவருக்காகக் கால் செய்து தருவது சமுதாயத்தின் கடமை. ஒன்றைக் காட்டி மற்றதிலிருந்து நாம் தப்பிக்க இயலாது.

நம் நாட்டில் அக்கடமையைச் செய்து காட்டியவர்களுள் இருவர் ராஜஸ்தானின் ஜெய்ப்பூரைச் சேர்ந்தவர்கள். 1960-களின் இறுதியில், எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும், அதிகம் பள்ளிப்படிப்பில்லாத கைவினைஞரான ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து 'ஜெய்ப்பூர் கால்' என்பதை உருவாக்கினர். அதற்கு முன் கிடைத்த மேல்நாட்டுச் செயற்கைக் கால்கள் பூட்ஸ் அணிந்து நாற்காலியில் அமர்பவருக்கு ஏற்றவை. நம் நாட்டு விவசாயியோ வெறுங்காலுடன் வரப்பில் நடக்க வேண்டும், குத்தவைக்க வேண்டும், தரையில் சம்மணமிட வேண்டும். ஆகவே ரப்பரால், நம் பாதம் போன்ற தோற்றத்தில், வளைந்து கொடுக்கும் பாதத்தைச் செய்தனர். சேத்தி அவர்களுக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. தொழுகையாளிகளாகிய நமக்கு இதன் அருமை நன்றாகவே புரியும். இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருப்பது உண்மையே. ஆயினும் ஸஃப்பில் நின்று, ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைக்க ஏங்கும் உள்ளத்திற்கு அச்சலுகை மட்டும் போதுமா?

சென்னை ஐ.ஐ.டி.யில் இத்தகைய கருவிகளுக்கென்றே ஓர் ஆய்வு மையம் இயங்குகின்றது. பேராசிரியை சுஜாதா சீனிவாசன் அவர்களின் தலைமையில் அங்கு உருவான செயற்கை முழங்கால் மூட்டு 2022-இல் வெளியிடப்பட்டது. முழங்காலுக்கு மேல் காலை இழந்தவர்கள் தடுமாறி விழாமல் நடக்கவும், காலை நன்கு மடக்கவும் அது உதவுகின்றது. அதற்கு வைத்த பெயர் 'கதம்'. இந்தியில் 'அடியெடுத்து வைத்தல்' என்பது பொருள். அரபி கற்றவர்கள் இப்பெயரைக் கேட்டதும் புன்னகைப்பார்கள். ஏனெனில் அரபியில் 'கதம்' என்றால் பாதம்!

கற்க வழி

உயிர்மருத்துவப் பொறியியல் என்பது மருத்துவரின் தேவையைப் புரிந்துகொண்டு கருவி செய்யும் கல்வி. கிண்டிப் பொறியியல் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி முதலியவற்றில் இதில் இளநிலைப் படிப்பு உள்ளது. பட்டம் பெற்றவர்கள் 'கேட்' தேர்வெழுதி முதுநிலைக்குச் செல்லலாம். சென்னை ஐ.ஐ.டி., வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து மருத்துவமனைப் பொறியியலில் எம்.டெக். படிப்பை உருவாக்கியுள்ளன. இங்கு மாணவர்கள் நோயாளிகளின் அருகிலிருந்தே கற்கின்றனர். 1990-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட இந்திய இருதய வால்வு உருவானது அந்தத் திருவனந்தபுரம் நிறுவனத்தில்தான். 2023-இல் சென்னை ஐ.ஐ.டி. மருத்துவ அறிவியலுக்கெனத் தனித் துறையையும் தொடங்கியது.

மருத்துவ ஓவியத்திற்குத் தனித் துறை முதன்முதலில் அமைந்தது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், 1911-இல். ஜெர்மனியிலிருந்து சென்ற மாக்ஸ் பிரோடல் என்னும் ஓவியர் அதன் முதல் தலைவர். முதலில் முழுமையாகப் புரிந்துகொள், பின்பு வரை என்பதே அவருடைய பாடத்தின் சாரம். இன்றும் அங்குள்ள முதுநிலை மாணவர்கள் உடற்கூற்றை அறுத்துக் கற்ற பின்பே வரைகின்றனர். கணினி வழி முப்பரிமாணப் படங்களும் அசையும் படங்களும் அதில் அடக்கம். அமெரிக்கா, கனடா நாடுகளில் ஒரு சில பல்கலைக்கழகங்களே இதனை முதுநிலைப் பட்டமாக நடத்துகின்றன. இடம் குறைவு, செலவு மிகுதி. ஆதலால் இரண்டில் ஆர்வமுள்ள பிள்ளைகள் முதலில் இங்கு பொறியியலில் முதுநிலை முடித்து, வரையும் பழக்கத்தை விடாமல் காத்து, உதவித்தொகை பெற முயல்வதே அறிவுடைமை என்பது நமது தாழ்மையான கருத்து.

நாம் செய்ய வேண்டியது

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வின் கல்விப் பகுதியில், மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயாவாகக் குறிப்பிடுகின்றார்கள். அதாவது, ஊரில் யாரேனும் செய்தால் அனைவரின் பொறுப்பும் நீங்கும். யாருமே செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள். பிக்ஹின் நுட்பமான தர்க்கங்களைப் படிக்க அனைவரும் போட்டியிடுகையில், மருத்துவம் கற்க முஸ்லிம்களில் ஆளில்லையே என்று தம் காலத்திலேயே அவர்கள் வருந்தினார்கள். மதரஸாவில் கற்றவர்களாகிய நாமே இதனை எடுத்துச் சொல்வதுதான் பொருத்தம்.

பெண்பிள்ளைகளின் கல்விக்கும் இதில் ஒரு தனிக் காரணம் உண்டு. செயற்கைக் கால் பொருத்த, தொடையையும் இடுப்பையும் அளவெடுக்க வேண்டும். அளவெடுப்பவர் ஆணாக இருந்தால் நம் பெண்களில் எத்தனை பேர் கூச்சத்தால் வீட்டிலேயே முடங்கிவிடுவர்! ஹயாவைக் காக்க விரும்பும் சமுதாயமே இத்துறைக்குத் தன் பெண்களை அனுப்ப முன்வர வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2016-இல்தான் மதுரைப் பாத நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 1842 முதல் கணக்கிட்டால் 174 ஆண்டுகள்! அதற்காகப் பெரிதும் பாடுபட்டவர்கள் சூடான் நாட்டினர். கார்த்தூமில் 1991-இல் பேராசிரியர் அஹ்மத் ஹஸன் ஃபஹல் அவர்களால் அந்நோய்க்கென ஆய்வு மையம் நிறுவப்பட்டது. ஏழை விவசாயிகளுக்கு அது புகலிடமாயிற்று. 2023-இல் மூண்ட போரால் அம்மையம் பெரும் பாதிப்புக்குள்ளானது. அம்மக்களுக்காக நாம் துஆ செய்வோம். அவர்கள் தம் மண்ணின் நோயைத் தாமே ஆராய்ந்தவர்கள். அந்தத் துணிவு நமக்கும் வேண்டும்.

இன்றும் நம் வட்டாரத்தில் கரிமூட்டத்திற்கு முள் வெட்டுவோரும், மிளகாய்க் காட்டில் வெறுங்காலுடன் நிற்போரும் உள்ளனர். காலில் வலியற்ற கட்டியோ, ஆறாத துளையோ கண்டால் நாட்களைக் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காட்டுக்குச் செல்வோருக்கு நல்ல செருப்பு வாங்கித் தருவதும் ஸதகாதான்.

நம் பைத்துல்மால் திருமணத்திற்கும் மருத்துவச் செலவிற்கும் உதவுவதைப் போன்று, இத்தகைய மேற்கல்விக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்க நிர்வாகிகளும் ஜமாஅத்தாரும் ஆலோசிக்குமாறு வேண்டுகின்றோம். பயனளிக்கும் கல்வியின் நன்மை மௌத்துக்குப் பின்னும் தொடரும் என்பது நபிமொழி நமக்குத் தரும் நற்செய்தி. நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் செய்த காலால் ஓர் ஏழை ஸஃப்பில் எழுந்து நின்றால், அந்நின்றலின் நன்மையில் அப்பிள்ளைக்கும் பங்குண்டு. படிக்க வைத்தவர்களுக்கும் பங்குண்டு, இன்ஷா அல்லாஹ்.

அந்தத் தந்தையிடம் நாம் இறுதியாகச் சொன்னது இதுதான்: "மகளின் நோட்டை மூட வேண்டாம். அடுத்த பக்கத்தில் ஒரு பாதத்தை வரையச் சொல்லுங்கள். அது நம்ம ஊர்ப் பாதமாக இருக்கட்டும்."

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதனால் உன் படைப்புகளுக்கு உதவும் உள்ளத்தையும் தந்தருள்வாயாக! நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், நடக்க இயலாதோருக்கு நடையையும் தந்தருள்வாயாக! இந்த வறண்ட பூமியில் ரஹ்மத்தான மழையைப் பொழியச் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.